நீர் வகுத்த இரு வழிகள்: சியோலைட்டுச் சாம்பற்பாறையும் கித்துல்கல மண்ணும்

புவியோட்டுப் பாறைகளின் பெரும்பகுதி சிலிக்கன், அலுமினியம், ஒட்சிசன் ஆகிய மூன்று மூலகங்களால் ஆனது. இம்மூன்றும் எந்த விகிதத்தில் சேர்ந்து எவ்வகைக் கட்டமைப்பில் நிற்கின்றன என்பதே, ஒரு மண் தனக்கு இடப்பட்ட உரத்தைப் பிடித்துவைக்குமா, அடுத்த மழையோடு ஆற்றுக்கு விட்டுவிடுமா என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது. இந்த வரிசையின் ஒரு முனையில், எரிமலைச் சாம்பல் படிந்து இறுகிய பாறைகளில் பிறக்கும் சியோலைட்டு என்னும் கனிமக் குடும்பம் நிற்கிறது. மறுமுனையில் நிற்பது, களனி கங்கையின் மேற்பகுதியில் கேகாலை மாவட்டத்துக் கித்துல்கலவையும் அதனைச் சூழ்ந்த எட்டியாந்தோட்டை, கினிகத்தேனைப் பகுதிகளையும் மூடியிருக்கும் தோட்டச் செம்மண். மூலப்பொருளின் தன்மையில் இவை இரண்டும் வெகுதூரம் விலகியவை அல்ல. அப்பொருளின் வழியாக எவ்வளவு நீர், எவ்வளவு வேகத்தில், எவற்றைக் கரைத்துக்கொண்டு ஓடியது என்பதே இரண்டையும் எதிரெதிர்த் திசைகளில் கொண்டுசென்றது.

சியோலைட்டுகளை முதலில் ஒரு தனிக் குடும்பமாக அடையாளம் கண்டவர் சுவீடன் நாட்டுக் கனிமவியலாளர் ஆக்செல் பிரெட்ரிக் குரோன்ஸ்டெட். ஊதுகுழல் சுடரில் சூடாக்கப்பட்டபோது நுரைத்துப் பொங்கிய ஒரு கனிமத்தை 1756ஆம் ஆண்டில் அவர் விவரித்தார். அந்தப் பொங்கலுக்குக் காரணம் கனிமத்தின் உள்ளே இருந்த நீர் ஆவியாகி வெளியேறியதே. அதன்பின் ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் வரை, எரிமலைக் குழம்புப் பாறைகளின் குமிழிக் குழிகளில் வளரும் அழகிய படிகங்களாகவே சியோலைட்டுகள் பெரும்பாலும் அறியப்பட்டிருந்தன. மகாராட்டிரத்தின் பூனா, நாசிக், ஜல்காவ் பகுதிகளின் தக்காணக் குழம்புப்பாறைக் குழிகளிலிருந்து கிடைக்கும் ஸ்டில்பைட்டு, ஹியூலண்டைட்டு, ஸ்கோலசைட்டு படிகங்கள் இவ்வகையில் உலகின் சிறந்த அருங்காட்சியகங்களை அலங்கரிக்கின்றன. ஆனால் 1950களின் பிற்பகுதியிலிருந்து, எக்சுக் கதிர்களைப் படிகத் தூளின்மேல் செலுத்தி அவை சிதறும் கோணங்களைக் கொண்டு கனிமத்தை அறியும் முறை பரவலானபோது, களிமண் என்றோ மட்கிய சாம்பல் என்றோ கருதப்பட்ட பல வெளிறிய பாறைப் படைகள், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய சியோலைட்டுப் படிகங்களால் ஆனவை என்று தெரியவந்தது. அழகுப் பொருளாக இருந்த கனிமம், மலை மலையாக வெட்டியெடுக்கத்தக்க மூலப்பொருளாக மாறியது அப்போதுதான்.

இத்தகைய சாம்பற்பாறை ஒன்றைப் பகுத்தாய்ந்தால் அதில் ஒரே கனிமம் இருப்பதில்லை. தரமான படிவுகளில் பாதி முதல் பத்தில் ஒன்பது பங்கு வரை கிளினோப்டிலோலைட்டு என்னும் சியோலைட்டு இருக்கும். சில இடங்களில் அதனுடன், அல்லது அதற்குப் பதிலாக, மோர்டனைட்டு, சபசைட்டு, பிலிப்சைட்டு ஆகியவை அமையும். எஞ்சிய பங்கில் நீர் பட்டால் வீங்கும் ஸ்மெக்டைட்டுக் களிமண்ணும், சிலிக்காவின் குறைபடிக வடிவமான ஓப்பல் வகைகளும், எரிமலையின் அடியிலிருந்த குழம்பிலேயே படிகமாகி வெடிப்போடு வெளியே வந்த குவார்ட்சு, ஃபெல்ட்ஸ்பார், கருமைக்கா ஆகியவற்றின் துகள்களும், மாற்றமடையாமல் மிஞ்சிய எரிமலைக் கண்ணாடியும் கலந்திருக்கும். இக்கலவையை வாசிக்கத் தெரிந்தவருக்குப் பாறையின் வரலாறே அதில் கிடைக்கிறது. ஃபெல்ட்ஸ்பாரும் கருமைக்காவும் எரிமலையின் எச்சங்கள். சியோலைட்டும் ஸ்மெக்டைட்டும் சாம்பல் படிந்த பின் நீர் செய்தவை. கண்ணாடி, நீர் இன்னும் முடிக்காத வேலை.

கண்ணாடியே இங்கு முதன்மையான மூலப்பொருள். வெடித்துச் சிதறும் குழம்பு காற்றில் மிக விரைவாகக் குளிர்வதால் அதன் அணுக்கள் படிக ஒழுங்கில் அமைய நேரமின்றி உறைந்துவிடுகின்றன. அவ்வாறு ஒழுங்கற்று உறைந்த பொருள் நீரில் எளிதில் கரையும். சாம்பல் படிந்த இடம் உப்பும் காரமும் மிகுந்த, வடிகால் இல்லாத ஏரியாக இருந்தால், கண்ணாடியிலிருந்து கரைந்த சிலிக்காவும் அலுமினியமும் சோடியம், பொட்டாசியம், கல்சியம் ஆகியவையும் வெளியேற வழியின்றி அந்த நீரிலேயே செறிந்து, மீண்டும் ஒன்றுகூடிச் சியோலைட்டாகப் படிகமாகின்றன. கலிபோர்னியாவில் இன்று வறண்டுகிடக்கும் தெக்கோப்பா ஏரிப் படுகையில் இது வரைபடம் போல் தெளிவாகத் தெரிகிறது. நன்னீர் வந்து சேர்ந்த ஏரியின் விளிம்பில் சாம்பல் கண்ணாடியாகவே எஞ்சியிருக்க, உள்நோக்கிச் செல்லச் செல்ல அது சியோலைட்டாகவும், நீர் மிகக் காரமாக இருந்த நடுப்பகுதியில் பொட்டாசிய ஃபெல்ட்ஸ்பாராகவும் மாறியிருப்பதைப் புவியியலாளர்கள் 1960களில் வரைந்து காட்டினர். ஏறத்தாழ 15,000 ஆண்டுகளுக்கு முன் நேப்பிள்ஸ் நகருக்கு அருகே வெடித்துப் படிந்த மஞ்சள் சாம்பற்பாறை ஏரியின் துணையின்றி, தன் சொந்த வெப்பத்தாலும் உள்ளே அகப்பட்ட நீராலும் பிலிப்சைட்டாகவும் சபசைட்டாகவும் மாறியது. வழிகள் வேறாயினும் பொதுவான நிபந்தனை ஒன்றே: கரைந்தவை வெளியே கழுவப்படக் கூடாது.

சியோலைட்டின் கட்டமைப்பைப் புரிந்துகொள்ளாமல் அதன் பயனை விளக்க இயலாது. நான்கு ஒட்சிசன் அணுக்களின் நடுவே ஒரு சிலிக்கன் அணு அமர்ந்த நான்முகியே அதன் அடிப்படை அலகு. நான்முகிகள் தத்தம் முனைகளைப் பகிர்ந்துகொண்டு முப்பரிமாண வலைச்சட்டமாக விரிகின்றன. சில நான்முகிகளில் சிலிக்கனின் இடத்தில் அலுமினியம் அமரும்போது, சிலிக்கனுக்கு நான்கு நேரேற்றமும் அலுமினியத்துக்கு மூன்றும் இருப்பதால், ஒவ்வொரு மாற்றீட்டுக்கும் ஓர் எதிரேற்றம் சட்டத்தில் மிஞ்சுகிறது. அதை ஈடுசெய்ய சோடியம், பொட்டாசியம், கல்சியம் போன்ற நேரயன்கள் சட்டத்தின் உள்ளே இடம்பெற வேண்டும். வியப்புக்குரியது என்னவெனில், கித்துல்கலவின் பாறைகளில் நிறைந்திருக்கும் ஃபெல்ட்ஸ்பாரும் இதே வகை முப்பரிமாணச் சட்டத்தைக் கொண்டது என்பதே. அந்த வகையில் இரண்டும் ஒரே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆனால் ஃபெல்ட்ஸ்பாரின் சட்டம் நெருக்கமானது. பொட்டாசியமும் சோடியமும் அதில் அசைய இடமின்றிப் பூட்டப்பட்டுள்ளன. சியோலைட்டின் சட்டமோ ஒரு மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கிற்கும் குறைந்த அகலமுள்ள கால்வாய்களால் ஊடறுக்கப்பட்டது. அக்கால்வாய்களில் நீர் மூலக்கூறுகளோடு தளர்வாகத் தங்கியிருக்கும் அயன்கள், வெளியிலிருந்து அமோனியமோ பொட்டாசியமோ வந்தால் இடம் விட்டுக் கொடுத்துவிடுகின்றன. இந்த இடமாற்றத் திறன் அயன் பரிமாற்றக் கொள்ளளவு எனப்படுகிறது. தூய கிளினோப்டிலோலைட்டில் அது 100 கிராமுக்கு ஏறத்தாழ 200 மில்லிசமவலு. கதிரியக்கச் சீசியத்தை விரும்பிப் பற்றிக்கொள்ளும் அதன் இயல்பினாலேயே 1979இல் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்துக்குப் பின்னரும், 1986இல் செர்னோபில் விபத்துக்குப் பின்னரும் அசுத்த நீரைத் தூய்மையாக்கச் சியோலைட்டுகள் பயன்படுத்தப்பட்டன.

இத்தகைய சாம்பற்பாறை எதுவும் கித்துல்கலவில் இல்லை. இலங்கைத் தீவில் எங்குமே எரிமலைச் சாம்பற் படைகள் குறிப்பிடத்தக்க பாறையாக அமையவில்லை. ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமாத்திராவின் தோபா எரிமலை வெடித்தபோது அதன் சாம்பல் இந்துமாக்கடலின் அடியிலும், ஆந்திராவின் ஜுவாலாபுரம் போன்ற இடங்களிலும் தடித்துப் படிந்தது உண்மையே. எனினும் ஜுவாலாபுரத்துச் சாம்பல் இன்றும் பெரும்பாலும் கண்ணாடித் துகள்களாகவே கிடக்கிறது. அதைச் சியோலைட்டாக்கும் காரநீர் அங்குக் கிட்டவில்லை.

இலங்கையின் பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்ட நிலப்பரப்பு, புவியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மாற்றம் பெற்ற தொன்மையான உருமாறிய பாறைகளால் ஆனது. கித்துல்கல அமைந்திருப்பது அவற்றுள் மத்திய மலைநாட்டின் முதுகெலும்பாக விளங்கும் உயர்நிலத் தொகுதியில். தென்னிந்தியா, மடகாசுகர், கிழக்கு ஆபிரிக்கா, அந்தாட்டிக்கா ஆகியவற்றோடு இலங்கையும் சேர்ந்து கொண்டுவானா என்னும் பெருநிலமாகப் பொருந்திய காலத்தில், அதாவது இன்றைக்கு ஏறத்தாழ 60 முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், இப்பாறைகள் இருபது, முப்பது கிலோமீற்றர் ஆழத்தில் 700 பாகை செல்சியசையும் தாண்டிய வெப்பத்தில் வெந்தன. சியோலைட்டுகள் இருநூறு, முந்நூறு பாகைகளுக்கு மேல் நிலைப்பதில்லை; அவற்றின் நீர் வெளியேறி, கால்வாய்கள் குலைந்து, ஃபெல்ட்ஸ்பாராகவும் குவார்ட்சாகவும் அவை மாறிவிடுகின்றன. ஆகவே இப்பாறைகளின் மூதாதைப் படிவுகளில் எப்போதாவது எரிமலைச் சாம்பல் கலந்திருந்தாலும் அதன் சியோலைட்டு இவ்வெப்பத்தைக் கடந்து வந்திருக்க முடியாது.

இவ்வாறு வெந்து நீர் வற்றிய பாறைகளில் முதன்மையானது சார்னோக்கைட்டு. எண்ணெய் பூசியது போன்ற பச்சை கலந்த கருமை நிறமுடைய இப்பாறையில் குவார்ட்சு, ஃபெல்ட்ஸ்பார் ஆகியவற்றோடு ஹைப்பர்ஸ்தீன் என்னும் இரும்பு, மக்னீசியச் சிலிக்கேட்டு கட்டாயம் இருக்கும். பாறை உருவான இடம் எவ்வளவு வறண்டது என்பதை ஹைப்பர்ஸ்தீனே காட்டிக்கொடுக்கிறது. நீர் போதிய அளவு இருந்திருந்தால் அதன் இடத்தில் மைக்காவோ ஹார்ன்பிளெண்டோ தோன்றியிருக்கும். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பனியின் அலுவலர் ஜோப் சார்னோக்கின் கல்லறைக்காகச் சென்னையிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து 1893இல் இப்பெயரை இட்டார். பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் காணப்படும் பாறையும் களனிப் பள்ளத்தாக்கில் காணப்படும் பாறையும் ஒரே இனத்தவை என்பது, இரு நிலங்களும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்ததற்குக் கையால் தொட்டறியத்தக்க சான்றாகும். சார்னோக்கைட்டோடு மாறி மாறி, செம்மணிகள் போல் கார்னெட்டுப் பதிந்த நைசுப் பாறைகளும், அலுமினியம் மிகுந்த சிலிமனைட்டும் காரீயமும் கலந்த கொண்டலைட்டும், குவார்ட்சுப் பாறைகளும், பளிங்குச் சுண்ணப்பாறைகளும் அமைகின்றன. கேகாலை மாவட்டத்தின் போகல சுரங்கத்தில் வெட்டப்படும் தூய காரீய நரம்புகளும் இதே தொகுதியின் செல்வமே.

ஆழத்தில் நீரின்றிப் பிறந்த இப்பாறைகள், மேலே வந்தபோது நாட்டிலேயே மிக ஈரமான வானத்தின்கீழ் வந்து சேர்ந்தன. தென்மேற்குப் பருவக்காற்று மலைச்சரிவில் மோதி மேலெழும் இடத்தில் கித்துல்கல இருப்பதால் அங்கு ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கும் மிகுதியான மழை பெய்கிறது. சற்று மேலேயுள்ள கினிகத்தேனை, வட்டவளைப் பகுதிகளில் அது 5,000 மில்லிமீற்றரை எட்டுகிறது. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டையும், காட்டுச் சருகுகள் மட்கும்போது எழும் அமிலங்களையும் கரைத்துக்கொண்டு இம்மழைநீர் பாறை வெடிப்புகளில் இறங்கி, ஃபெல்ட்ஸ்பாரின் பூட்டைத் திறக்கிறது. முதலில் வெளியேறுவன பொட்டாசியமும் சோடியமும் கல்சியமும். அவற்றின் பின்னே சிலிக்காவின் ஒரு பகுதியும் கரைந்து செல்கிறது. எஞ்சியதிலிருந்து கயோலினைட்டு என்னும் வெண்களிமண் உருவாகிறது. மழை ஓயாமல் கழுவிக்கொண்டேயிருந்தால் கயோலினைட்டிலிருந்தும் சிலிக்கா முற்றாக நீங்கி, அலுமினியமும் ஐதரொட்சைட்டும் மட்டுமே கொண்ட கிப்சைட்டு மிஞ்சுகிறது. ஹைப்பர்ஸ்தீனிலும் கார்னெட்டிலும் இருந்த இரும்பு ஒட்சிசனோடு சேர்ந்து கோதைட்டாகவும் ஹெமடைட்டாகவும் படிந்து மண்ணுக்குச் செம்மஞ்சள் நிறத்தைத் தருகிறது. இம்மண் தாழ்ந்த மேடுகளில் இறுகிய இடங்களில்தான் வீடு கட்ட வெட்டியெடுக்கப்படும் கபுக் கல் கிடைக்கிறது.

இம்மாற்றத்தை ஓர் எண்வரிசையில் காணலாம். எரிமலைக் கண்ணாடியிலும் அதிலிருந்து பிறந்த கிளினோப்டிலோலைட்டிலும் ஓர் அலுமினிய அணுவுக்கு ஏறத்தாழ ஐந்து சிலிக்கன் அணுக்கள் உள்ளன. பொட்டாசிய ஃபெல்ட்ஸ்பாரில் மூன்று, கயோலினைட்டில் ஒன்று, கிப்சைட்டில் ஒன்றுமேயில்லை. தெக்கோப்பாவின் மூடிய ஏரியில், சியோலைட்டான பகுதிகளில், நீர் தேங்கி நின்றதால் ஐந்து ஐந்தாகவே நின்றது. களனியின் திறந்த சரிவில் நீர் ஓடிக்கொண்டே இருந்ததால் மூன்று ஒன்றாகி, ஒன்று இன்மையை நோக்கிச் செல்கிறது. கயோலினைட்டு, ஒரு சிலிக்காத் தாளும் ஓர் அலுமினாத் தாளும் ஒட்டிய நுண்ணிய தகடுகளால் ஆனது. அதன் சிலிக்காத் தாளில் அலுமினியம் நுழைவது அரிதாகையால் சட்டத்தில் எதிரேற்றம் மிஞ்சுவதில்லை. நேரயன்களைப் பிடிக்கத் தகட்டின் விளிம்புகள் மட்டுமே உள்ளன. அதனால் அதன் பரிமாற்றக் கொள்ளளவு 100 கிராமுக்கு 3 முதல் 15 மில்லிசமவலு அளவே. சியோலைட்டோடு ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

கரையாதவையும் உண்டு. குவார்ட்சின் சட்டத்து நான்முகிகள் அனைத்திலும் சிலிக்கனே அமர்ந்திருப்பதாலும், அதில் வெளியேறத் தகுந்த அயன் எதுவும் இல்லாததாலும், மழை அதனிடம் மிக மெதுவாகவே வெற்றி பெறுகிறது. சுற்றியிருந்த ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணாகிக் கரைந்தபின் குவார்ட்சுக் கற்கள் மண்ணிலும் ஓடைகளிலும் தனித்துக் கிடக்கின்றன. கித்துல்கலவின் பெலிலென குகையில் வாழ்ந்த தொல்மாந்தர் தம் கருவிகளுக்கு இக்கல்லையே தேர்ந்தெடுத்தனர். 1978 முதல் சிரான் தெரணியகலவின் தலைமையில் நடந்த அகழாய்விலும் அண்மைக் கால மறுஆய்விலும், ஏறத்தாழ 45,000 ஆண்டுகளுக்கு முன்னரே இம்மழைக்காட்டில் மனிதர் வாழ்ந்ததற்கான தடயங்களும், முக்கோணம், பிறை போன்ற வடிவங்களில் கவனமாகச் செதுக்கியெடுக்கப்பட்ட குவார்ட்சு நுண்கருவிகளும் வெளிப்பட்டன. எரிமலைக் கண்ணாடி கிடைக்கும் நாடுகளில் கூரிய கருவிகள் அதிலிருந்து எளிதில் செய்யப்பட்டன. படிகக் குறைகளின்வழி தாறுமாறாக உடையும் குவார்ட்சில் அத்தகைய நுட்பத்தைக் காட்டிய கைவினைத்திறன் உயர்வாக மதிக்கத்தக்கது.

இரத்தினபுரியின் மணிக்கற் புகழுக்கும் இதே கழுவுதலே காரணம். நீலமும் சிவப்பும் தரும் குருந்தக் கல் அலுமினியமும் ஒட்சிசனும் மட்டுமே கொண்டது. சிலிக்கா குறைந்த சூழலில் ஆழத்தின் வெப்பத்தில் பிறந்தது. ஸ்பினல், சேர்க்கன், கார்னெட்டு ஆகியவற்றோடு அதுவும் தாய்ப்பாறை மட்கியபின் எஞ்சி, ஆற்றால் உருட்டப்பட்டு, பள்ளத்தாக்குகளின் அடியில் சரளைப் படையாகச் சேர்ந்தது. மாணிக்கக் குழிகளில் இறங்குவோர் தேடும் 'இல்லம்' என்பது இப்படையே. கிப்சைட்டிலும் குருந்தத்திலும் ஒரே அலுமினியந்தான் உள்ளது. ஒன்று மண்ணின் ஏழ்மைக்கு அடையாளம், மற்றொன்று அரசர்களின் முடியில் ஏறியது. இச்சரளைகள் கனிமவியலுக்கே புதியவற்றையும் வழங்கியுள்ளன. சேர் முத்துக்குமாரசுவாமியின் மகனும், பின்னாளில் கலை வரலாற்றறிஞராக உலகப் புகழ்பெற்றவருமான ஆனந்த குமாரசுவாமி, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிமவியல் அளவைத் திணைக்களத்தின் முதற் பணிப்பாளராக இருந்தார். சப்ரகமுவவின் பலாங்கொடைப் பகுதியிலிருந்து வந்த கனமான கரிய கனசதுரக் கனிமம் ஒன்று, அவருடைய காலத்தில், 1904இல், தோரியத்தின் ஒட்சைட்டு என்று கண்டறியப்பட்டுத் தோரியனைட்டு எனப் பெயர் பெற்றது. எஹெலியகொடையில் 1953இல் எப். எல். டி. ஏக்கநாயக்க கண்டெடுத்த பச்சை நிறக் கல் 1961இல் ஏக்கனைட்டு என்னும் புதிய கனிமமாக விவரிக்கப்பட்டது. தமிழில் அறிவியல் எழுதுவோர் ஆனந்த குமாரசுவாமியின் நடராசர் பற்றிய கட்டுரையை நினைவுகூரும் அளவுக்கு அவருடைய பாறை ஆய்வுகளை நினைவுகூர்வதில்லை; இது சரிசெய்யப்பட வேண்டிய குறை.

மணிக்கற்கள் சிலருக்கே கிட்டும். மண் எல்லாரையும் பாதிக்கிறது. பரிமாற்றக் கொள்ளளவு குறைந்த மண்ணில் இடப்படும் யூரியாவின் நைதரசனும் பொட்டாசு உரமும் பற்றிக்கொள்ள இடமின்றி, பெருமழையொன்று பெய்தால் வேர்மண்டலத்தைக் கடந்து இறங்கிவிடுகின்றன. ஆகவேதான் இங்கு விளையும் தேயிலைக்கு உரத்தை ஒரே தடவையில் கொட்டாமல் ஆண்டுக்குப் பல தடவைகளாகப் பிரித்து இடுமாறு, 1925இல் தொடங்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் அறிவுறுத்தி வருகிறது. கல்சியமும் மக்னீசியமும் கழுவப்பட்டுவிடுவதால் மண் அமிலமாகிறது. தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரையிலான கார அமிலச் சுட்டெண் ஏற்றதாயினும் அதற்குக் கீழே இறங்குவது தீங்கு. அதனால் ஒவ்வொரு கவ்வாத்தின்போதும் டொலமைட்டுத் தூள் இடப்படுகிறது. அந்த டொலமைட்டும் உயர்நிலத் தொகுதியின் பளிங்குப் படைகளிலிருந்தே வருகிறது. அமில மண்ணில் கயோலினைட்டும் கிப்சைட்டும் மெல்லக் கரைந்து அலுமினிய அயனை வெளிவிடும். பெரும்பாலான பயிர்களின் வேரைக் கருக்கும் அந்த அயனைத் தேயிலைச் செடி உள்வாங்கித் தன் முதிர்ந்த இலைகளில் சேமித்து வைக்கிறது. தேயிலை இம்மலைகளில் செழித்தமைக்கு ஆங்கிலேயரின் வணிக நோக்கும், வரிசை வீடுகளான இலயங்களில் குடியேற்றப்பட்ட தமிழ்த் தொழிலாளரின் உழைப்பும் எவ்வளவு காரணமோ, அச்செடியின் இந்த அரிய பொறுமையும் அவ்வளவு காரணம் எனலாம்.

சேமிப்பு இல்லாத மண் ஓர் ஆண்டுப் பஞ்சத்தையும் தாங்காது என்பது அண்மையில் வெளிப்பட்டது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டபின்னும் விலையேற்றமும் தட்டுப்பாடும் தொடர்ந்தன. 2021இல் ஏறத்தாழ 299 மில்லியன் கிலோகிராமாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் ஏறத்தாழ 251 மில்லியன் கிலோகிராமாகச் சரிந்தது. கொழுந்து குறைந்த மலைகளில் நாட்சம்பளம் பாதியாகிப்போன குடும்பங்களே அந்தப் புள்ளிவிவரத்தின் சுமையைச் சுமந்தன.

ஆழ்ந்த மட்குதலுக்கு இன்னொரு விலையும் உண்டு. பாறை பல மீற்றர் ஆழம் வரை களிமண்ணாகிவிட்ட சரிவுகள், நீர் நிரம்பும்போது தம் எடையைத் தாங்க இயலாமல் நழுவுகின்றன. 2016 மே 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் சாமசர மலைச்சரிவு இடிந்து குடியிருப்புகளைப் புதைத்தது இவ்வகைப் பேரழிவே.

சியோலைட்டுச் சாம்பற்பாறையை இறக்குமதி செய்து இம்மண்ணில் கலந்தால் என்ன என்ற கேள்வி இயல்பாக எழும். சப்பானிய உழவர் நொறுக்கிய சியோலைட்டுப் பாறையை நீண்ட காலமாக வயலில் இட்டு வந்துள்ளனர். நாற்றுமேடைகளிலும் நாற்றுப் பைகளிலும் அது அமோனியத்தையும் பொட்டாசியத்தையும் பிடித்துவைத்து மெல்ல விடுவிக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் கனிமச் சேர்க்கை ஆராயப்படாமல் எந்தச் சாம்பற்பாறையும் வாங்கப்படக் கூடாது. சியோலைட்டுகளுள் எரியனைட்டு என்னும் நார்வடிவக் கனிமம் நுரையீரல் உறையில் புற்றுநோயை உண்டாக்குவது துருக்கியின் கப்பதோக்கியாப் பகுதிக் கிராமமான கரைனிலும் அதன் அண்டையூர்களிலும் பெருந்துயரோடு உறுதிப்பட்டது. இது ஒருபுறமிருக்க, ஓர் ஏக்கருக்கு டன் கணக்கில் அயல்நாட்டுக் கல்லைச் சரிவுகளில் ஏற்றும் செலவும், அங்கு மேல்மண்ணோடு அக்கல்லும் அரிக்கப்படும் வேகமும் கணக்கில் எடுக்கப்பட வேண்டியவை.

இம்மண்ணுக்குத் தேவையான பரிமாற்றச் சக்தி வேறொரு பொருளில் உள்ளூரிலேயே கிடைக்கிறது. மட்கிய தாவரப் பொருளான மக்கின் பரிமாற்றக் கொள்ளளவு 100 கிராமுக்கு 150 முதல் 300 மில்லிசமவலு வரை இருக்கும். அமில மண்ணில் அது குறையுமாயினும் கயோலினைட்டை விடப் பன்மடங்கு உயர்ந்தே நிற்கும். எடைக்கு எடை நல்ல சியோலைட்டுக்கு நிகரான பொருள் அது. முருக்கு, கிளிரிசீடியா நிழல்மரங்களின் தழையை வெட்டிப் பரப்புவதும், மீள்நடுகைக்கு முன் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் குவாத்தமாலாப் புல்லோ மானாப் புல்லோ வளர்ப்பதும், கவ்வாத்து மிளாறுகளை மலையிலேயே விட்டுவைப்பதும் ஆராய்ச்சி நிறுவனம் நெடுங்காலமாகக் கூறிவரும் வழிமுறைகள். செலவு நெருக்கத்தில் முதலில் கைவிடப்படுவனவும் இவையே. மிளாறு மலையிலிருந்து போவதற்கு அடுப்பெரிக்க வேறு விறகில்லாத இலயங்களின் தேவையே காரணம்; அத்தேவையைத் தொழிலாளரின் தவறாகக் காட்டுவது நியாயமன்று. தோட்ட நிருவாகங்கள் அக்குடும்பங்களுக்கு மாற்று எரிபொருளுக்கு வழிசெய்து, மிளாறையும் தழையையும் மண்ணுக்கே விட்டுக்கொடுக்க வேண்டும். மண்ணாய்வு அறிக்கைகளை உத்தியோகத்தர்களின் கோப்புகளோடு நிறுத்தாமல், தமிழில் எழுதித் தோட்டப் பாடசாலைகளுக்கும் சிறுதோட்ட உடைமையாளருக்கும் கொடுக்க வேண்டும்.